எம்கே91: ‘இதர அமைப்புகள்’ குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

கிராமத்து நில ஆவணங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் ‘புறம்போக்கு’ என்ற சொல் நன்கு தெரியும். நன்செய், புன்செய் என்று வகைப்படுத்தி வரி விதித்தது போக எஞ்சிய நிலம் அது. ஏரியும் வண்டிப்பாதையும் மேய்ச்சல் தரையும் சுடுகாடும் அதில் அடங்கும். கணக்கின்படி அது மிச்சம்தான். ஆனால் ஊர் என்று ஒன்று நிலைத்திருப்பது பெரும்பாலும் அந்த மிச்சத்தால்தான்.

கணிப்பொறி மென்பொருள்களிலும் இப்படி ஒரு புறம்போக்கு உண்டு. எந்தத் தலைப்பின் கீழும் சேராதவற்றையெல்லாம் ‘இதர’ என்று பெயரிட்டு ஒரு மூலையில் குவித்து வைத்திருப்பார்கள். ஹாம் வானொலி என்று வழங்கும் அமெச்சூர் வானொலிக்கான மென்பொருள்களில் இந்த மூலையைத் திறந்து பார்ப்பவர் குறைவு. அதையும், அதை ஒத்த சின்னச் சின்னப் பெட்டிகளையும் வரலாற்று மாணவனின் கண்ணோடு பார்க்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் முயற்சி. ஒவ்வொரு பெட்டியும் பயனரிடம் ஒரு கேள்வி கேட்கிறது. நீ யார்? எங்கிருக்கிறாய்? உன் கடிகாரத்தில் என்ன நேரம்? எந்த எழுத்தில் எழுதுவாய்? இக்கேள்விகள் மென்பொருளாளர்கள் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. அரசுகளும் நில அளவையாளர்களும் தந்திப் பொறியாளர்களும் நம்மிடம் நெடுங்காலமாகக் கேட்டுவந்தவை.

பேச்சுக்கு ஓர் இடம் வேண்டும். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில் காளப்பநாயக்கன்பட்டி இருக்கிறது. அதைத் தாண்டிக் காரவள்ளியை அடைந்தால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். அந்த அடிவாரத்தில் ஒருவர் உரிமம் பெற்று, ஒரு சிற்றலைக் கருவியையும் மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம்.

முறை எளியது. தட்டச்சு செய்யும் எழுத்துகளை மென்பொருள் சில ஒலிகளாக மாற்றுகிறது. அவ்வொலிகள் கணினியின் ஒலி அட்டை வழியாக வானொலிக்குள் சென்று, அலையாகக் கிளம்பி, அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரம் போகின்றன. மறுமுனையில் இன்னொரு கணினி அவ்வொலிகளைக் கேட்டு மீண்டும் எழுத்தாக்குகிறது. ‘டிஜிட்டல் மோட்’ என்று இதைச் சொல்வார்கள்.

*

முதல் பெட்டி ‘அழைப்புக்குறி’. நம் அடிவாரத்து நண்பர் அதில் ‘வியு’ என்று தொடங்கும் தன் குறியை எழுதுவார். அதன் முதல் எழுத்திலேயே ஒரு பேரரசு ஒளிந்திருக்கிறது. 1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாட்டையொட்டி நாடுகளுக்கு அழைப்புக்குறிகள் பங்கிடப்பட்டபோது, ‘வி’ என்ற எழுத்தின் பெரும்பகுதி பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்குப் போயிற்று. கனடாவும் ஆஸ்திரேலியாவும் பல குடியேற்றங்களும் அந்த ஓரெழுத்தைப் பகிர்ந்துகொண்டன. இந்தியாவுக்கு விடி முதல் விடபிள்யூ வரையிலான பகுதி கிடைத்தது. நம் விமானங்களின் உடலில் ‘விடி’ என்று எழுதியிருப்பதும் இதன் தொடர்ச்சியே. விடுதலைக்குப் பின் இலங்கை விஎஸ்7 என்பதை விட்டு 4எஸ்7 ஆயிற்று. விஎஸ்1 ஆக இருந்த சிங்கப்பூர் 9வி1 ஆயிற்று. இந்தியா பின்னர் ஏடி முதலிய தொகுதிகளையும் பெற்றுக்கொண்டது. ஆனால் ஹாம்களின் அன்றாடக் குறியாக ‘வியு’வே நிலைத்துவிட்டது.

அந்தப் பட்டியலுக்கும் முந்தியது இந்திய அமெச்சூர் வானொலி. 1921இல் உரிமம் பெற்ற அமரேந்திர சந்திர குப்துவே முதல் இந்திய அமெச்சூர் என்று கொள்ளப்படுகிறார். அவர் குறி 2ஜேகே. நாட்டைச் சுட்டும் முன்னொட்டு அதில் இல்லை. அதே ஆண்டில் முகுல் போஸ் 2எச்க்யூ என்ற குறியைப் பெற்றார். சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் 1924 மே மாதத்தில் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கி, அவ்வாண்டு ஜூலை இறுதியில் ஒலிபரப்பவும் செய்தார்கள். பணமின்றி 1927இல் அது நின்றது. அதன் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போயிற்று. ஆர்வலர்கள் தொடங்குவதும், கைப்பணம் தீர்ந்ததும் நிற்பதும், பின்னர் நிறுவனம் ஒன்று அதைத் தத்தெடுப்பதும் சிற்றிதழ் வாசகர்களுக்குப் புதிய கதையல்ல.

1939இல் போர் மூண்டதும் அமெச்சூர்கள் தங்கள் ஒலிபரப்புக் கருவிகளைக் காவல்துறையிடம் ஒப்படைக்குமாறு பணிக்கப்பட்டனர். எல்லோரும் ஒப்படைத்துவிடவில்லை. 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய காங்கிரஸ் வானொலிக்குத் தொழில்நுட்பத்தில் துணைநின்றவர் நரிமன் பிரிண்ட்டர் என்ற அமெச்சூர். அந்த நிலையம் தன்னை அறிவிக்கும்போது அலைநீளத்தைச் சொல்லும். இடத்தை மட்டும் ‘இந்தியாவில் எங்கிருந்தோ’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். அடிக்கடி வீடு மாறிக்கொண்டே சுமார் மூன்று மாதம் தாக்குப்பிடித்தது. கைதான பின் பிரிண்ட்டர் தந்த தகவலைப் பின்தொடர்ந்தே காவலர்கள் அதைக் கண்டடைந்தனர். 1942 நவம்பர் 12 அன்று உஷா மேத்தா கைதானார்.

இதை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. அமெச்சூர் வானொலியின் சட்டம் முழுவதும் ‘எங்கிருந்தோ’ என்ற சொல்லுக்கு எதிராக எழுதப்பட்டது. 1978ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்தி (அமெச்சூர் சேவை) விதிகள் தேர்வையும் உரிமத்தையும் குறிப்பிட்ட இடத்தையும் வலியுறுத்தின. பொருள் மறைக்கும் சங்கேதம் கூடாது என்பது இன்றும் சர்வதேச விதி. மென்பொருளின் ஒரு மூலையில் ‘மோர்ஸில் அடையாளம் அனுப்பு’ என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அது இந்தக் கவலையின் எச்சம். கணினிகளுக்கு மட்டும் புரியும் ஒலியைக் கண்காணிப்பவர் காதால் எப்படி அறிவார்? ஆகவே கடைசியில் மனிதக் காதுக்கு எட்டும் மோர்ஸில் ஒருமுறை பெயரைச் சொல்லிவிட்டுப் போ என்கிறது அது. சிற்றலைகளில் இயங்குவதற்கு மோர்ஸ் தேர்வு கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003இல் தளர்ந்தது. அந்தப் பெட்டியில் மட்டும் மோர்ஸ் இன்னும் உயிரோடிருக்கிறது.

*

இரண்டாவது பெட்டி ‘கட்டக்குறி’. இதில் ஊர்ப்பெயர் எழுதக் கூடாது. உலகத்தைக் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து, இரண்டு எண் கொண்ட பெயர் வைத்திருக்கிறார்கள். தீர்க்கரேகையில் இரண்டு பாகையும் அட்சரேகையில் ஒரு பாகையும் கொண்டது ஒரு கட்டம். ஜான் மாரிஸ் என்ற ஆங்கிலேய அமெச்சூர் வகுத்த முறை இது. 1980இல் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் என்னும் ஊரில் கூடிய ஐரோப்பிய அமெச்சூர்கள் ஏற்றுக்கொண்டதால் அவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது.

காளப்பநாயக்கன்பட்டிக்கு உரிய குறி எம்கே91. அது தனக்கென ஒரு கட்டம் பெற்றதல்ல. சேலமும் நாமக்கல்லும் புதுச்சேரியும் அதே எம்கே91தான். திருச்சி எம்கே90, கோவை எம்கே81, மதுரை எம்ஜே99. பத்தாம் அட்சரேகை மதுரைக்குச் சற்று வடக்கே ஓடுவதால் அழகர்கோவில் ஓர் எழுத்திலும் மதுரை நகர் வேறோர் எழுத்திலும் விழுகின்றன. எண்பதாம் தீர்க்கரேகை செங்கல்பட்டை ஒட்டிக் கிழக்கே போவதால், சென்னையின் குறி என்கே03 என்று வேறொரு தொகுதிக்கே போய்விடுகிறது. சேர சோழ பாண்டிய எல்லைகளைக் கற்று வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிரிவினை வேடிக்கையாகத் தோன்றக்கூடும். ஆனால் நம் மாவட்ட எல்லைகள் மட்டும் வேறு எப்படிப் பிறந்தன?

எம்கே91இன் மேற்கு எல்லை 78ஆம் தீர்க்கரேகை. இந்திய நில அளவையின் வரலாற்றைப் படித்தவர்கள் இந்த எண்ணைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்வார்கள். 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு அளந்து தன் பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், குமரிமுனையிலிருந்து வடக்கு நோக்கி இழுத்த பெருவில் இந்தத் தீர்க்கரேகையை ஒட்டித்தான் சென்றது. உயரமான இடம் தேடிக் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் ஏற்றும்போது அரை டன் எடையுள்ள அந்தத் தியோடலைட் மோதிச் சேதமுற்ற கதை பிரசித்தம். வரி வாங்கவும் படை நடத்தவும் வேண்டியிருந்த ஓர் அரசுக்காக அளக்கப்பட்ட அந்த நிலமே, வெறும் ஆர்வத்துக்காக அலை அனுப்பும் ஒருவர் இன்று நான்கு குறிகளில் தன் இருப்பிடத்தைச் சொல்வதற்கும் அடித்தளமாகிறது.

ஏன் நான்கு குறி மட்டும்? இங்கே கணக்கு உள்ளே வருகிறது. எஃப்டி8 என்ற முறையை ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் வெளியிட்டனர். இரட்டைத் துடிப்பு விண்மீன் ஒன்றைக் கண்டறிந்ததற்காக 1993இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற அதே டெய்லர்தான் இவர். இரைச்சலுக்கு அடியில் புதைந்துகிடக்கும் மெல்லிய சமிக்ஞையைத் தோண்டியெடுப்பதே அவருடைய வாழ்நாள் வேலை என்று சொல்லலாம். 2001 முதல் அவர் எழுதிவந்த மென்பொருள்களின் வழியே வந்தது எஃப்டி8. இன்று அதன் ஒரு செய்தி 77 பிட்டுகள். அழைப்பவர் பெயருக்கு 28, அழைக்கப்படுபவர் பெயருக்கு 28, இடத்துக்கு 15. மிச்சம் சில்லறைக் கொடிகள். உலகை 180க்கு 180 என்று வெட்டினால் 32,400 கட்டங்கள் வரும். 15 பிட்டில் 32,768 வரை எண்ணலாம். கையளவு துணியில் சட்டை தைக்கும் தையற்காரரின் சிக்கனம் இது.

*

மூன்றாவது, கடிகாரம். எஃப்டி8இல் நிமிடம் நான்காகப் பிரிக்கப்படுகிறது. ஒருவர் ஒரு கால்நிமிடத்தில் அனுப்பினால் மற்றவர் அடுத்ததில் பதிலளிப்பார். இரண்டு கடிகாரங்களுக்கும் இடையே இரண்டு விநாடிக்கு மேல் வேறுபாடு போனால் உரையாடல் நடக்காது. உலகில் எங்கோ இருக்கும் முன்பின் அறியாத ஒருவரோடு பேசுவதற்கு முதல் நிபந்தனை, இருவரும் ஒரே நேரத்தை ஒப்புக்கொள்வது.

இந்த ஒப்புதல் நம் நாட்டில் எளிதாக வந்துவிடவில்லை. 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு 1802இல் ஜான் கோல்டிங்ஹாம் கணித்த சென்னை நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. இந்திய ரயில்கள் பல பத்தாண்டுகள் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேரக் கணக்கு நாட்டின் பொதுநேரமாயிற்று. பம்பாயும் கல்கத்தாவும் அதன் பிறகும் நெடுங்காலம் தத்தம் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

வேடிக்கையாக ஒரு கணக்குப் போடலாம். ஐந்தரை மணி என்பது பதினைந்து விநாடிகளால் மிச்சமின்றி வகுபடும். எனவே இந்திய நேரம் காட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தும் எஃப்டி8இன் கால்நிமிடங்களை அறியலாம். சென்னை நேரம் நீடித்திருந்தால் ஒரு விநாடி பிசகும். நல்லவேளை, ஒரு விநாடிப் பிசகை இந்த முறை பொறுத்துக்கொள்ளும்!

அமெச்சூர்களின் குறிப்பேடு உலகப் பொதுநேரத்தில் எழுதப்படுவது. அதன்படி காளப்பநாயக்கன்பட்டியில் தேதி மாறுவது நள்ளிரவில் அல்ல, விடியற்காலை ஐந்தரைக்கு. சூரிய உதயத்தில் நாள் தொடங்குவதாகக் கொள்ளும் நம் பஞ்சாங்க மரபுக்கு இது ஏறத்தாழ ஒத்துப்போகிறது. கிரீனிச்சின் நள்ளிரவு, கொல்லிமலைக்குப் பின்னால் வெளுக்கும் வைகறையோடு ஒன்றாகிவிடுகிறது.

*

நான்காவது பெட்டியே நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களை நேரடியாகத் தொடுவது: எழுத்துத் தொகுதி. எந்த எழுத்தில் பேசப்போகிறாய்?

எஃப்டி8இல் சுயமாக ஒரு வரி எழுத இடமுண்டு. பதின்மூன்று குறிகள் மட்டும். அவையும் ஆங்கிலத்தின் 26 பேரெழுத்து, பத்து எண், ஐந்து நிறுத்தக்குறி, ஓர் இடைவெளி ஆகிய 42க்குள் இருக்க வேண்டும். காளப்பநாயக்கன்பட்டி என்று வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதினால் 19 எழுத்துகள். ஊரின் பெயர் உள்ளே நுழையாது! தமிழில் எண்ணிப்பாருங்கள்: கா, ள, ப், ப, நா, ய, க், க, ன், ப, ட், டி. பன்னிரண்டே எழுத்துகள்தான்.

பிஎஸ்கே31 என்ற முறை இவ்வளவு கஞ்சத்தனம் காட்டாது. போலந்து அமெச்சூர் பாவெல் யாலோகாவின் கருத்திலிருந்து பீட்டர் மார்ட்டினெஸ் என்ற ஆங்கிலேயர் 1998இல் உருவாக்கியது அது. தட்டச்சு செய்யும் வேகத்தில், வெறும் 31 ஹெர்ட்ஸ் அளவு அகலத்தில், இருவர் நிதானமாக எழுதிப் பேசிக்கொள்ளலாம். அதன் குறிமுறைக்கு ‘வேரிகோட்’ என்று பெயர். மோர்ஸ் செய்ததுபோலவே அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறிய குறி, அரிதாக வருவதற்குப் பெரிய குறி. இடைவெளிக்கு ஒரு பிட், ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்துக்கு இரண்டு பிட். எந்த மொழியில் அடிக்கடி வருவது என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. ஆங்கிலமல்லாத மொழிகளுக்கான மேல்வரிசைக் குறிகள் பத்து முதல் பன்னிரண்டு பிட் வரை நீள்கின்றன.

இப்போது ‘மலை’ என்ற சொல்லை அனுப்பிப் பார்ப்போம். ஒருங்குறியில் அது மூன்று குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகள், ஆக ஒன்பது. அவை அனைத்தும் மேல்வரிசை. நொடிக்கு 31.25 பிட் வேகத்தில் ஏறத்தாழ மூன்றரை விநாடி ஆகும். அதே பொருளுள்ள ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு விநாடிகூட ஆகாது. நமக்கு நினைவிருக்கும் ‘தகுதரம்’ என்ற டிஸ்கி எழுத்துமுறையில் தமிழின் ஒவ்வொரு வடிவமும் ஒரே பைட்டில் அடங்கியது. அதில் அனுப்பியிருந்தால் இந்தச் சொல் ஒன்றேகால் விநாடிக்குள் போயிருக்கும். ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றது. இஸ்கி என்ற இந்தியத் தரத்தை அடியொற்றிய இடம் அது. எழுத்துரு பொருந்தாமல் கட்டங்கட்டமாகத் தெரிந்த பக்கங்களை வாசித்த தலைமுறைக்கு ஒருங்குறி தந்த விடுதலை சிறிதல்ல. ஆனால் எல்லா விடுதலைக்கும் ஒரு வாடகை உண்டு. அகலக் கம்பியில் அது தெரிவதில்லை. குறுகிய அலையில் தெரிகிறது.

தமிழுக்கு 247 எழுத்து, ஆகவே அது தந்திக்கு ஒவ்வாத மொழி என்று நெடுநாள் ஒரு பேச்சு உண்டு. அதையும் சோதித்துப் பார்க்கலாம். தொலைவரிகளுக்கு அடிப்படையான ஐந்து பிட் குறிமுறையை எமில் போடோ என்ற பிரெஞ்சுக்காரர் 1870களில் உருவாக்கினார். பின்னர் திருத்தப்பட்ட அதன் வடிவத்தையே அமெச்சூர்களின் ‘ஆர்டிடிஒய்’ முறை இன்றும் பயன்படுத்துகிறது. ஐந்து பிட்டில் 32 குறிகள் அடங்கும். இனித் தொல்காப்பியரிடம் போவோம். உயிர்மெய்யை அவர் தனி எழுத்தாக எண்ணவில்லை. அவருடைய முதலெழுத்துகள் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டுமாக முப்பது. ஆய்தத்தைச் சேர்த்தால் 31. சொற்களுக்கிடையே ஓர் இடைவெளியையும் சேர்த்தால் சரியாக 32.

எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் வரி மாற்றத்துக்கும் இதில் இடமில்லை என்பது உண்மை. ஆங்கிலமும் அவற்றுக்காக ‘மாற்று விசை’ என்று தன் குறிகள் சிலவற்றைச் செலவழிக்கிறது. தமிழும் எங்கேனும் சற்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அடிப்படைக் கணக்கு தெளிவானது. ‘மலை’ என்பதை ம், அ, ல், ஐ என்று நான்கு குறிகளாக வழக்கமான ஆர்டிடிஒய் வேகத்தில் அனுப்பினால் 0.7 விநாடிக்குள் முடிந்துவிடும். எஃப்டி8இன் பதின்மூன்று குறி வரியிலும் இதே வியப்பு. அந்த வரிக்கு ஒதுக்கப்பட்ட 71 பிட்டுகளில், குறி ஒவ்வொன்றும் அதிகபட்சம் 44 வகைகளில் ஒன்றாக இருக்கலாம். தமிழின் உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உயிர்க்குறிகள் 11, புள்ளி 1, இடைவெளி 1 என்று கூட்டினால் வருவது 44. எவரும் திட்டமிடாத தற்செயல்தான். எனினும் இடம் போதாததால்தான் தமிழ் விடுபட்டது என்று இனி யாரும் சொல்ல முடியாது. மேசையில் நாற்காலி இருந்தது. நாம் போய் உட்காரவில்லை.

*

இது வெறும் மொழிப்பெருமைப் பிரச்சினையா? இல்லை என்பதற்குக் கடைசிப் பெட்டி சாட்சி.

டேவ் ஃப்ரீஸ் என்ற அமெரிக்க அமெச்சூர் எழுதத் தொடங்கி, உலகெங்கும் இலவசமாகப் பயன்படும் எஃப்எல்-டிஜி என்ற மென்பொருளின் அமைப்புப் பகுதியில் ‘இதர’ என்று ஒரு பக்கம் இருந்துவந்திருக்கிறது. வேகம் குறைந்த கணினிக்கு ஒரு பெட்டி, திரையில் வரும் எழுத்தையெல்லாம் கோப்பாகச் சேமிக்க ஒரு பெட்டி, கேட்ட நிலையங்களை இணைய வரைபடத்துக்குத் தானாக அறிவிக்க ஒரு பெட்டி. அவற்றோடு பேரிடர்ச் செய்திகளுக்கான ‘என்பிஇஎம்எஸ்’ என்ற அமைப்பின் இணைப்பும் அதே குவியலில் கிடக்கிறது. செய்தியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் பிழையின்றிச் சேர்ந்ததா என்று சரிபார்த்து, சேராததை மீண்டும் அனுப்பவைக்கும் ஏற்பாடு அது. மருந்தின் அளவும் காணாமற்போனவரின் பெயரும் ஓரெழுத்துகூடப் பிசகாமல் போய்ச்சேர வேண்டிய வேளைகளுக்கானது.

அப்படிப்பட்ட வேளையை நாம் அறிவோம். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு 2004 டிசம்பர் தொடக்கத்தில் போர்ட் பிளேரிலிருந்து வியு4ஆர்பிஐ என்ற குறியில் ஒலிக்கத் தொடங்கியது. பல ஆண்டுகளாக அலைகளில் கேட்காதிருந்த அந்தமானைப் பிடிக்க உலகமே முண்டியடித்தது. பொழுதுபோக்கின் உச்சம் என்றே அதைச் சொல்ல வேண்டும். டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசிகள் செயலற்றுப்போன அந்த நாட்களில், சேகரிப்பாளர்களுக்காகக் கட்டிய அதே ஆண்டெனாக்கள் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே நலச்செய்தி சுமக்கத் தொடங்கின.

அத்தகைய பட்டியல்களில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் போகும். வள்ளியும் வல்லியும் ஆங்கிலத்தில் ஒருவரே. ல, ள, ழ என்ற மூன்றையும் ந, ன, ண என்ற மூன்றையும் மங்கலாக்கிவிட்டு, ஒவ்வொரு துண்டும் பிழையின்றிச் சேர்ந்தது என்று மென்பொருள் சான்றளிக்கும். அலையில் நேரும் பிழையைத் திருத்த நுட்பம் உண்டு. அனுப்பும் முன்பே நாம் செய்துவிட்ட பிழையைத் திருத்த அதனிடம் எதுவும் இல்லை. தேடுபவர் பட்டியலைப் படித்து, ‘இது நம் வள்ளியா?’ என்று நிற்கும் அந்தக் கணத்தில், எழுத்துத் தொகுதி என்ற பெட்டியின் இயல்பு மதிப்பு என்ன என்பது இதர விஷயமாக இருக்காது.

செய்ய வேண்டியது மலையளவு வேலையல்ல. முப்பத்திரண்டு குறிகளைக் கொண்ட ஒரு பொது அட்டவணை வேண்டும். இரண்டு முனையிலும் அதை ஒப்புக்கொள்ள ஆட்கள் வேண்டும். பொது அட்டவணையாகப் பதிப்பித்துவிட்டால் அது சங்கேதமாகாது என்பதால் மறைகுறி பற்றிய விதியும் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. ஒருகாலத்தில் தமிழ் எழுத்துருக்களுக்காக மின்னஞ்சல் குழுக்களில் மாதக்கணக்கில் வாதிட்டுத் தகுதரத்தை உருவாக்கிய ஆர்வலர்களும் அரசு ஆணைக்காகக் காத்திருக்கவில்லை. ‘அமெச்சூர்’ என்ற சொல்லுக்கு மூலத்தில் பொருள் ‘நேசிப்பவர்’ என்பதுதான்.

அதுவரை நம் காளப்பநாயக்கன்பட்டி நண்பர் எம்கே91 என்று எழுதி அனுப்பிக்கொண்டிருப்பார். யாரோ ஒருவர் எங்கோ அதைப் பெற்று வரைபடத்தில் தேடுவார். சேலத்துக்கும் புதுச்சேரிக்கும் பொதுவான அந்தக் கட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி தோன்றும். ஊரின் பெயர் மட்டும் தோன்றாது. தமிழில் அது பன்னிரண்டு எழுத்து.